காவல் வைத்த மலையின் கல்

எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் ஃபிராவ் லேமான் ஒவ்வொரு கோடையிலும் எரிந்து வருவார். எரிந்து என்று நான் சும்மா சொல்லவில்லை. மூக்குத் தோல் உரிந்து, தோள் இரண்டும் அவித்த இறால் நிறத்தில் இருக்கும். படிக்கட்டில் என்னைக் கண்டால் சட்டைக் கையைச் சுருட்டி, வெயில் பட்ட இடத்தையும் படாத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். நாங்கள் "ஷேன், ஷேன்" என்று மெச்ச வேண்டும். இந்த ஜெர்மனியில் அது ஒரு மரியாதை. ஊர்லாப் என்று இவர்கள் சொல்லும் விடுமுறைக்குப் போய் ஒருவர் வெள்ளையாகத் திரும்பி வந்தால், பாவம், அங்கே மழையாக்கும் என்று இரங்குவார்கள். போகாமலே இருப்பவர்களிடம், நோயாளியிடம் சுகம் கேட்பதுபோல, "இந்த வருசமும் போகவில்லையா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நான் வந்த நாள் முதல் என்னிடமும் கேட்கிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பெட்டியோடு வெளிக்கிடுவதை ஒரு சந்தோசமாக நினைக்க எனக்கு இன்றைக்கும் வரவில்லை. நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நாட்களில் முதுகுக்குப் பின்னால் செல்குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வால்டோர்ஃபுக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில் மகள் சுகந்தியோடும் மருமகன் ரவியோடும் இருக்கிறேன். சுகந்தி வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ரவி ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறார். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து, படிப்பு, வேலை என்று டிரெஸ்டனுக்கும் எர்லாங்கனுக்கும் போய்விட்டார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆறுதலாகத்தான் எழுதுவேன். அதற்காக ஒருவரிடமும் சொல்லி எழுதுவித்தது கிடையாது. இதையும் என் கையால்தான் எழுதுகிறேன்.

இந்த வருசம் மாசியில் சுகந்தியின் மார்பில் இருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். முழுதாக எடுத்துவிட்டோம், ஆனாலும் டெர்மின் என்று குறித்துத் தரும் நாள் தவறாமல் வந்து காட்டவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு மாதிரித்தான் இருந்தாள். அலுமாரிகளை ஒதுக்கினாள். பழைய சேலைகளை எடுத்து மடித்து, மடித்ததையே திரும்ப விரித்து மடித்தாள். இலை உதிரத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அம்மா, ஒரு கிழமை லன்சரோட்டேக்குப் போறம். நீங்களும் வாறியள்."

"அது எங்கை கிடக்கு?"

"அத்திலாந்திக் கடலுக்கை. ஸ்பெயின்காரற்றை தீவு. வெயில், காத்து, கடல் எல்லாம் இருக்கு."

"வெயிலும் காத்தும் கடலும் எனக்குப் பிறந்த நாளிலை இருந்து காணும், பிள்ளை. நீங்கள் போட்டு வாங்கோ."

"உங்களைத் தனிய விட்டிட்டுப் போக ஏலாது. டிக்கெட் போட்டாச்சு."

ரவி சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமி, லேமான் மனுசி கறுக்கிறதுக்கெண்டு அங்கை போறவ. நாங்கள் கறுத்துப்போய்த்தான் இறங்கப்போறம். எங்களை வைச்சு வெயிலுக்கு ஒரு லாபமும் இல்லை" என்றார். நான் சிரித்தேன். சம்மதித்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம். நோயிலிருந்து எழும்பிய பிள்ளை கூப்பிடுகிறாள், போவோம் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

எங்கே போனாலும் என் கைப்பையில் கடவுச்சீட்டு, மருந்துக் குளிசைகள், சீப்பு ஆகியவற்றோடு ஒரு படமும் இருக்கும். அது என் மகனுடைய படம். எனக்கு இரண்டு பிள்ளைகள். சுகந்திக்கு மூத்தவன் தயாபரன். தயா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பட்டினத்தோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்த காலத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்தான். ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனவனைச் சந்திச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரர் மறித்தார்கள். கண்டவர்கள் வந்து சொல்ல, நான் ஓடிப்போனேன். சைக்கிள் வேலியில் சாத்தியபடி நின்றது. அவனில்லை. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அடுத்த நாள் போனேன். சைக்கிளும் இல்லை. அப்படி ஒருவரைத் தாங்கள் மறிக்கவே இல்லை என்றார்கள். அவன் செருப்புத் தடமாவது கிடக்கிறதா என்று வேலியோரம் குனிந்து பார்த்தேன். மண்ணின்மேல் உழவு இயந்திரம் ஓடியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் படத்தோடு நான் ஏறி இறங்காத முகாம் இல்லை. என் கணவர் அந்த அலைச்சலிலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்குச் செலவு, அந்தியேட்டி, ஆட்டத் திவசம் என்று செத்தவருக்குரிய சடங்கெல்லாம் முறைப்படி செய்தோம். தயாவுக்குச் செய்யவில்லை. செய்ய விடவும் இல்லை. பிணத்தைக் காட்டாமல், இன்ன இடத்தில் இன்ன மாதிரி என்று ஒரு வாய் வார்த்தைகூடச் சொல்லாமல், என் பிள்ளையை நானே செத்தவனாக்கவேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? சனம் என்னைப் பிடிவாதக்காரி என்றது, விசரி என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும். அவனுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். நரைத்த தலையோடு ஒரு தமிழ் ஆம்பிளை பஸ்ஸில் ஏறினால் நான் இன்றைக்கும் எட்டி முகத்தைப் பார்ப்பேன்.

லன்சரோட்டேயில் மண் கறுப்பு. கரிக்கொட்டில் தரை எப்படி இருக்குமோ அப்படி. ஒரு காலத்தில் மலைகள் வெடித்து, நெருப்பு ஆறாக ஓடி, ஊர்களையும் தோட்டங்களையும் மூடிவிட்டதாம். ஓடிய நெருப்பு ஓடிய வாக்கிலேயே கல்லாகிக் கிடக்கிறது. அதற்கு நடுவில் சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள். எங்கள் ஊரில் முந்திரிகைக் கொடியைப் பந்தலில் ஏற்றி, தலைக்குமேல் குலை தொங்க வளர்ப்போம். இங்கே காற்றுக்குப் பயந்து சாம்பலுக்குள் குழி தோண்டி, குழிக்கு ஒரு கொடியாக நட்டு, சுற்றிவரக் கல் அடுக்கியிருக்கிறார்கள். கொடி தலையைத் தூக்காமல் நிலத்தோடு படுத்துக் கிடக்கிறது. செல்லடிக்கும்போது பங்கருக்குள் நாங்கள் படுத்துக் கிடந்தது மாதிரி. மற்றவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். எனக்கு அந்தக் கொடிகளைப் பார்க்கக் கழுத்து நொந்தது.

போய் இரண்டொரு நாளில் எரிமலை வாய் ஒன்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். காரை நிறுத்திவிட்டுக் கறுத்த கல்லுகளுக்கு நடுவே கொஞ்சத் தூரம் நடக்கவேண்டும். பாதைக்கு இரண்டு பக்கமும் கல் வரிசை, சில இடத்தில் கயிறு. பலகையில் ஒரு பாதத்தை வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது. அங்கே காவலுக்கு நின்ற பெண், பச்சைச் சீருடையும் சப்பாத்தும் இடுப்பில் பேசுகிற கருவியுமாக, வருகிறவர்களைக் கூட்டி வைத்து ஜெர்மனில் சொன்னதைச் சுகந்தி எனக்குத் தமிழில் சொன்னாள். பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒரு பிடி சாம்பலோ ஒரு கல்லோ எடுக்கக் கூடாது. இந்தச் சாம்பலில் ஒரு காலடி பட்டால் அந்தத் தடம் வருசக் கணக்கில் அழியாது. கல்லுகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்போல ஒட்டியிருப்பதுதான் நெருப்புக்குப் பிறகு இங்கே வந்த முதல் உயிர், அதைத் தொடவும் கூடாது. "பாதுகாக்கப்பட்ட நிலம் அம்மா" என்று முடித்தாள்.

பாதுகாக்கப்பட்ட நிலம் எனக்குப் புதிது இல்லை. பலாலிப் பக்கத்தில் எங்கள் காணியையும் கம்பி, பலகை, சீருடை என்று நெடுங்காலம் காத்தார்கள். எங்களிடம் இருந்து காத்தார்கள். அதனால் நான் அந்தப் பாதையில் முன்னால் போனவர்கள் கால் வைத்த இடத்தில்தான் கால் வைத்து நடந்தேன். ரவி திரும்பிப் பார்த்துவிட்டு, "மாமி, இஞ்சை மிதிவெடி இல்லை. வடிவா நடவுங்கோ" என்றார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

"மிதிவெடி புதைக்க முதல் கல்லை உடைக்க வேணும். ஸ்பெயின்காரன் அவ்வளவு மினக்கெடமாட்டான்."

அந்த மலை ஒரு பக்கம் உடைந்த பானைபோல இருந்தது. உடைந்த வழியால் உள்ளே போகலாம். உள்ளே போனதும் காற்று நின்றுவிட்டது. சுற்றிவரக் கருகிய சுவர், நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. எல்லாரும் தாங்களாகவே மெதுவாகக் கதைத்தார்கள். சுகந்தியும் ரவியும் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு சுகந்தி வந்து, "அம்மா, தண்ணிப் போத்தில் வைக்கவேணும், உங்கட பையை ஒருக்காத் தாங்கோ" என்றாள். கொடுத்தேன். திரும்பத் தந்தபோது கனத்தது. தண்ணீர் என்று தோளில் கொழுவிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வாசல் பலகைக்குக் கிட்ட எனக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டேன். அந்தக் காவல்காரப் பெண் என்னைக் கண்டு, கையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா, இருக்கப் போகிறீர்களா என்றுதான் கேட்டிருக்கிறாள், சுகந்தி பிறகு சொன்னாள். நான் கண்டது சப்பாத்தையும் சீருடையையும் தூக்கின கையையும். என் கை தானாகப் போய்ப் பையின் சிப்பை இழுத்து, வாயை அகலத் திறந்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டியது. எங்கள் ஆட்களுக்கு மட்டும் இருக்கிற வருத்தம் இது. சென்றிக்குச் சென்றி பையைத் திறந்து காட்டிக் காட்டி உடம்பில் ஊறிப்போன பழக்கம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவரிடமும் இப்படித் திறந்து நீட்டியிருக்கிறேன். அவர் சிரித்தார். இந்தப் பெண் சிரிக்கவில்லை. பைக்குள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

தயாவின் படத்துக்குமேலே, தண்ணிப் போத்திலுக்குப் பதிலாக, வெள்ளைத் துணியில் ஒரு முடிச்சு கிடந்தது. அவள் எடுத்து அவிழ்த்தாள். உள்ளே கைக்குள் அடங்குகிற ஒரு கறுத்த கல். அதைச் சுற்றி எள்ளு. கொஞ்சம் கீழே கொட்டியது. அவளுக்குக் கல் விளங்கியது, எள்ளு விளங்கவில்லை. விரலில் ஒட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "பிரோட்?" என்று கேட்டாள். பாண் ரொட்டிக்கா என்று கேட்கிறாள். வெள்ளைக்காரர்கள் பாணுக்குமேல்தானே எள்ளுத் தூவுவது. அந்தியேட்டியில் செத்தவருடைய பேரில் ஒரு கல்லை வைத்து, அதற்கு எள்ளும் தண்ணியும் சோறும் கொடுத்து, கடைசியில் கடலில் போடுவோம். கல்லு கடலில் விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். கல்லும் எள்ளும் ஒரு வெள்ளைத் துணிக்குள் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ரவி தலையைக் குனிந்துகொண்டு போய், தான்தான் எடுத்தது என்றார். அவள் கோபிக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்தால் இந்த இடம் என்னாவது என்று, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டாள். ரவி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவள் எள்ளை ஊதித் தள்ளி, கல்லைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்து, பூஞ்சணம் படர்ந்த பக்கம் மேலே வரும்படி அது கிடந்த பள்ளத்திலேயே வைத்தாள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எரிந்து முடிந்த ஒரு மலையில் ஒரு கல் குறைந்ததற்குக் கேட்க ஆள் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டு, எடுத்த இடத்தில் திரும்ப வைக்க ஆள் இருக்கிறது. இவ்வளவுதானே நானும் முகாம் வாசல்களில் கேட்டது.

கார் நிறுத்திய இடத்துக்கு வந்தோம். அங்கே காற்று ஆளைத் தள்ளியது.

"எப்ப தொடக்கம் இந்த எண்ணம்?" என்று கேட்டேன்.

சுகந்தி காரில் சாய்ந்து நின்றாள். "ஆசுப்பத்திரியிலை படுத்திருக்கேக்கை."

"அப்ப வெயில் எண்டது, காத்து எண்டது?"

"உண்மையைச் சொன்னா வந்திருப்பியளோ?"

"என்ர பிள்ளைக்கு நான் உயிரோடை இருக்கேக்கை உங்களை ஆர் கல்லெடுக்கச் சொன்னது?"

"அவன் எனக்கும் அண்ணன், அம்மா."

"அண்ணன் எண்டாத் தேடு."

"எங்கை தேட? இடத்தைச் சொல்லுங்கோ, இண்டைக்கே போறன்."

அவள் நிறுத்தவில்லை. இவ்வளவு வருசமும் என் முன்னால் வாய் திறக்காமல் இருந்தவள்.

"நீங்கள் போய், நானும் போனா, அவனுக்கு ஒரு சொட்டு எள்ளுத்தண்ணி விட ஆர் இருக்கினம்? என்ர பிள்ளையளைக் கேட்டா அதுகளும் உந்தப் பெட்டை மாதிரித்தான், எள்ளெண்டால் பாணுக்கு எண்டுங்கள். அவன்ரை உடம்பு நெருப்புக் கண்டுதோ இல்லையோ தெரியாது. கல்லாவது நெருப்புக் கண்ட கல்லா இருக்கட்டும் எண்டுதான் இஞ்சை எடுக்கச் சொன்னனான். உங்கட பையை ஒருத்தரும் திறந்து பாக்கமாட்டினம் எண்டு அதுக்கை வைச்சதும் நான்தான். இவரிலை பிழையில்லை."

"நாளைக்கு அவன் வந்து வாசலிலை நிண்டு, எனக்கோ எள்ளிறைச்சனீங்கள் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

"காலிலை விழுவன். கேக்க எண்டாலும் அவன் வரட்டும், அம்மா. எனக்கு அதுவே காணும்."

அவள் அழவில்லை. என் வீட்டில் தயாவை நினைத்து ஒருவரும் அழுவதில்லை. அழுதால் அவன் செத்தவனாகிவிடுவான் என்று நான் விட்டதில்லை. இவளுக்கு அப்போது இருபது வயதும் ஆகவில்லை. சந்திச் சென்றிக்கு என் பின்னாலேயே ஓடி வந்தவள். அதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் மனம் இளகவில்லை. ரவி கார்க் கண்ணாடியில் படிந்திருந்த கறுத்த தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைக்கத் துடைக்கக் காற்று கொண்டுவந்து போட்டது.

அடுத்த நாள் விடிய ஒரு மணத்துக்கு முழிப்பு வந்தது. நாங்கள் இருந்த விடுதி அறையில் ஒரு சின்ன அடுப்பு இருந்தது. அதில் பச்சரிசி வெந்துகொண்டிருந்தது. வேறு கறி இல்லை, தாளிதம் இல்லை. உப்புப் போடாத சோற்றுக்கு ஒரு மணம் உண்டு. செத்த வீட்டுக்காரருக்கு அது தெரியும். நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். சுகந்தி போனில் ஐயரிடம் நேரம் கேட்பது காதில் விழுந்தது. அவர்கள் என்னை எழுப்பவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்கள்.

மறிக்கத்தான் நான் எழும்பிப் போனேன். இதை ஒளிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. சோற்றைத் தட்டிவிட்டு, போனைப் பிடுங்கிக் கடலில் எறியவேண்டும் என்றுதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விடுதிப் படிகளில் இறங்கினேன். கடற்கரை கீழேதான். கறுத்த மணல், பெரிய அலை, கரையோரம் உருண்டைக் கல்லுகள். ரவி வேட்டியோடு முழங்காலளவு தண்ணீரில் தோய்ந்துவிட்டு வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு குந்தியிருந்தார். வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாள் விரித்திருந்தது. அதில் சோற்று உருண்டை, எள்ளு, விடுதி மேசையில் இருந்து எடுத்த சிவப்புப் பூ, கரையில் பொறுக்கிய ஒரு கல். சுகந்தி போனைக் காற்றுப் படாமல் சால்வையால் மறைத்துப் பிடித்திருந்தாள். போனுக்குள் எங்கள் கோயில் ஐயர் இருந்தார். ஜெர்மனியில் தன் வீட்டுக் குசினியில் இருந்து மந்திரம் சொன்னார். அவருக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி தெரிந்தது.

நான் வந்து நின்றதை அவர்கள் கண்டார்கள். ஐயருக்கு நான் நிற்பது தெரியாது. அவர் தன் பாட்டில் கேட்டுக்கொண்டு போனார்.

"பேரைச் சொல்லுங்கோ."

"தயாபரன்."

"தகப்பன்ரை பேர்?"

"சிவகுரு."

"நட்சத்திரம்?"

சுகந்திக்கு அது தெரியாது. சாதகம் இடம்பெயர்வில் போய்விட்டது. பிறகு அந்த நட்சத்திரம் இருந்தது என்னிடம் மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குத் தனியே போய், என் பிள்ளையின் பேரையும் நட்சத்திரத்தையும் அர்ச்சனைக்குச் சொல்லுவேன். ஐயருக்கு எத்தனை பேர், எத்தனை நட்சத்திரம், அவர் மனதில் நிற்காது. அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. ஒவ்வொரு வெள்ளியும் அவன் இருக்கிறான் என்று நான் சாமிக்குச் சொல்லிவிட்டு வந்தது அப்படித்தான். இப்போது சுகந்தி என்னைப் பார்த்தாள். ரவியும் பார்த்தார். போனைத் தட்டிவிட வேண்டியதில்லை, கத்த வேண்டியதில்லை, வாயைத் திறக்காமல் நின்றாலே போதும் என்று எனக்கு விளங்கியது. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"கேக்குதோ பிள்ளை? நட்சத்திரம் தெரியாட்டிக் கவலைப்படாதேங்கோ" என்றார் ஐயர். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். "ஆர் எவரெண்டு தெரியாத ஆக்களுக்கும் நாங்கள் செய்யிறம்தானே. பொதுவாச் சொல்லி முடிப்பம்."

ஆர் எவரென்று தெரியாத ஆள். முகாம் வாசலிலும் அப்படித்தான் சொன்னார்கள். படத்தை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, இப்படி ஓர் ஆளைத் தெரியாது என்று திருப்பித் தந்தார்கள். என் பிள்ளைக்குப் பேர் இருக்கிறது. தாய் தகப்பன் இருக்கிறது. மாரி மழைக்குள் மருத்துவிச்சி நனைந்து வந்து, விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி, ஆம்பிளைப் பிள்ளை என்று தூக்கிக் காட்டிய விடியலில் அவனுக்கென்று ஒரு நட்சத்திரம் வானத்தில் நின்றது. ஐயர் அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு, பொதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"உத்தரட்டாதி" என்றேன்.

காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. "என்ன? ஆர் கதைக்கிறது?" என்று ஐயர் கேட்டார்.

நான் கிட்டப் போய், குனிந்து, அந்தச் சின்னக் கண்ணாடிக்கு நேரே சொன்னேன். "தாய் கதைக்கிறன். உத்தரட்டாதி. மீன ராசி. நாலாம் பாதம். பிழையில்லாமல் சொல்லுங்கோ, ஐயா."

அவர் பிழையில்லாமல் சொன்னார். என் பிள்ளையின் பேரும் நட்சத்திரமும் வேறு மந்திரத்துக்குள் போனதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எள்ளும் தண்ணியும் ரவியின் பெருவிரல் வழியாக வழிந்து கல்லில் விழுந்தது. சுகந்தி அப்போதுதான் அழுதாள். அந்த அழுகையில் போன் சரிய, ஐயரின் முகம் வானத்துக்கும் மணலுக்குமாக அலைந்தது. நான் அழவேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் முடிய ரவி கல்லையும் சோற்றையும் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்குமேலால் பின்னுக்குப் போட்டார். அலையின் இரைச்சலில் கல் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"திரும்பிப் பாராமல் கரைக்கு வாங்கோ. ஒருத்தரும் திரும்பிப் பாராதேங்கோ" என்றார் ஐயர். அதுதான் முறை. பார்த்தால் போகிறவருக்குப் போக மனம் வராது என்று சொல்வார்கள்.

ரவி முன்னால் போனார். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள். நானும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். முன்னால் விடுதிக் கரையில் ஜெர்மன்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பாகவே வந்து, சாய்கதிரைகளில் துவாய்த் துண்டை விரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். துவாய் கிடந்தால் அது ஆள் உள்ள கதிரை. ஆள் எவ்வளவு நேரம் வராவிட்டாலும் இன்னொருவர் அதில் இருக்கமாட்டார். இந்தச் சனத்தின் ஒழுங்கு அது. நீலம், மஞ்சள், கோடு போட்டது என்று வரிசையாகத் துவாய்கள் கிடந்தன. ஒரு கதிரையிலும் ஆள் இல்லை. எனக்குப் பின்னால் அலை இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது என் குதிக்காலுக்குக் கீழே இருந்த மணலை உருவிக்கொண்டு போக, கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது.

மேலே நின்று சுகந்தி, "வாங்கோ அம்மா" என்று கூப்பிட்டாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடக்கவும் இல்லை.